அமுச்சியோட கத்தரி விதை

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்...

நமக்கு ஊர் பொள்ளாச்சிப் பக்கம். ஸ்கூல் போற வழியில நார் மில்லு. மட்டையில நாரை எடுத்தப்புறம் மிச்சம் விழுற தூளு மலை மாதிரி குவிஞ்சு கெடக்கும். அதுல சறுக்கி விளையாடி அம்மாகிட்ட அடி வாங்கினது தனிக்கதை. அதே தூளை அமுக்கிக் கட்டியாக்கி 'கோகோபீட்'னு விக்கறாங்க. பெங்களூர்ல காசு கொடுத்து வாங்கினேன். காலக்கொடுமை!

சரி, மேட்டருக்கு வர்றேன். போன தை மாசம் அமுச்சி தவறிட்டாங்க. பரண்ல ஒரு சுருக்குப்பை, உள்ளே கத்தரி விதை. வருஷா வருஷம் பழுக்க விட்டு அவங்களே எடுத்து வைக்கறது. அம்மா 40 விதையைக் காகிதத்துல மடிச்சு, "பொழைக்க வைடா கண்ணு"ன்னு கொடுத்தாங்க.

650 கிராம் கட்டி, தண்ணி ஊத்தினதும் 8 லிட்டருக்கு மேல பொங்கிடுச்சு. அப்படியே குழித்தட்டுல நிரப்பி 20 விதை போட்டேன். 14 முளைச்சுது. ஆபீஸ்ல எல்லாருக்கும் போட்டோ காட்டி ஒரே அலட்டல். மூணாவது வாரம் இலை வெளுத்து, ஓரம் கருகி, 14ம் காலி.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "ஏஞ்சாமி, வெறும் மஞ்சில திங்கறதுக்கு என்னடா இருக்கு?"ன்னாங்க.

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். (வேலையிலயும் இதே பழக்கம்தான், ஹி ஹி.) தென்னை மட்டையில இயல்பாவே சோடியம், பொட்டாசியம் உப்பு அதிகம். கழுவாத தூள்னா ரெண்டு மூணு தடவை நல்ல தண்ணியில அலசிப் பிழியணும். பயிருக்கு வேண்டிய தழைச்சத்தோ அதுல இல்லைன்னே சொல்லலாம். விதைக்குள்ள இருக்கற சாப்பாடு தீர்ந்ததும் நாமதான் ஊட்டணும். மேல காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் அடியில சொதசொதன்னு ஈரம். நான் தினமும் ஊத்தினேன்!

ரெண்டாவது தடவை அலசின தூள் 3 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு. விரலை விட்டுப் பாத்துட்டுத்தான் தண்ணி. 15 விதை மட்டும் போட்டேன். மிச்சம் 5 பேக்கப்.

9 செடி பொழைச்சுது. இப்ப பால்கனியில காய் தொங்குது. ரூம்மேட் எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு அடி போடறான். முதல் காயைத் தர மாட்டேன்னுட்டேன். அது பழுக்கட்டும்.