ஒரு பல் தவறினால்...



தோட்டப்புறப் பள்ளிகளில் பணியாற்றுவோருக்கு மகிழுந்து ஆடம்பரமன்று, அதுவே கால். என்னுடைய பழைய புரோட்டோன் சாகா, டைமிங் பெல்ட் மாற்றப்பட்ட மறுநாள் முதல் மேடேறத் திணறியது. நிற்கும்போது நடுங்கியது, எண்ணெயையும் மிகுதியாகக் குடித்தது. கார்புரேட்டரை மாற்றுமாறு ஒருவர் கூறினார். இயந்திரத்தையே மாற்றுமாறு மற்றொருவர் கூறினார். ஒரு மாதச் சம்பளம் கரைந்துவிடும் என்று அஞ்சினேன்.

ஜாசின் வட்டாரப் பட்டறைக்காரர் ஒருவர்தாம், "எதையும் மாத்த வேணாம் சார், முதல்ல பார்ப்போம்" என்றார்.

கிராங்க்‌ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். வால்வுகளை உரிய நேரத்தில் திறப்பது கேம்ஷாஃப்டே. இவ்விரண்டையும் இணைக்கும் பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டாலும் வால்வுகள் முந்தியோ பிந்தியோ திறக்கும், இயந்திரம் வலுவிழக்கும்.

அவர் முதலில் பிளக்குகளைப் பார்த்தார். பின்னர் நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்தார். ஒன்றில் மட்டும் குறைந்திருந்தால் அதன் வால்வையோ பிஸ்டன் வளையத்தையோ ஐயுறலாம். நான்கிலும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்திருந்தது. பெல்ட்டும் அண்மையில் மாற்றப்பட்டதாயிற்றே! மூடியைக் கழற்றினார். கீழ்ச்சக்கரத்தின் குறி சரியாக நின்றது. மேற்சக்கரத்தின் குறி ஒரு பல் விலகியிருந்தது.

சரிசெய்தபின் உடனே முடுக்கவில்லை. கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிக் குறிகளை மீண்டும் ஒப்பிட்டார். இடையில் தட்டினால் நிறுத்திவிட வேண்டுமாம். சில இயந்திரங்களில் பிஸ்டன் மோதி வால்வு வளைந்துவிடும்.

2005இல் வெளிவந்த பெரோடுவா மைவியில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி உள்ளது. இக்காலக் கார்களில் இரு ஷாஃப்டுகளும் ஒத்துப்போகாவிடில் கணினி பி0016 என்ற குறியீட்டைக் காட்டும். ஆனால், காரணம் தளர்ந்த சங்கிலியா, பழுதான சென்சாரா என்பதை மனிதர்தாம் ஆராய வேண்டும். குறியீடு முடிவன்று, தேடலின் தொடக்கம்.

வாய்க்கணக்கை நொடியில் சொல்லும் மாணவன் எழுத்துக்கூட்டித் தடுமாறும்போது, "மந்தம்" என்று நாமும் விரைந்து முத்திரை குத்துகிறோம். அவனுக்குக் கரும்பலகை தெரிகிறதா, காது கேட்கிறதா, இரவில் உறங்குகிறானா? குறைநீக்கல் வகுப்புக்கு அனுப்புவதற்கு முன் இம்மூன்றையும் பார்ப்போம். நல்ல பாகங்கள் அனைத்தும் இருந்தும், ஏதோ ஒரு பல் மட்டுமே விலகியிருக்கக்கூடும்.

தங்கள் கருத்துகளையும் எழுதுங்கள்.