ஸஹ்ரா நகருக்கு மிதிவண்டியில்

அந்தலூஸ் என்ற பெயரைக் கேட்டதும் பெருமூச்சு விடாத முஸ்லிம் குடும்பம் நம்மிடையே அரிது. மீலாது மேடைகளிலும் மதரஸா ஆண்டு விழாக்களிலும் குர்துபாவின் புகழைக் கேட்டே நாம் வளர்ந்தோம். அந்நகரின் நூலகங்களையும் அறிஞர்களையும் நீரூற்றுகளையும் அடுக்கிச் சொல்லி வந்த பேச்சாளரின் குரல் இறுதியில் தழுதழுக்கும். “அத்தனையும் நம்மிடமிருந்து பறிக்கப்பட்டன!” என்பார். கூட்டம் கண் கலங்கும். நாமும் பலமுறை கலங்கியிருக்கிறோம். அந்தக் கலக்கத்தைச் சுமந்துகொண்டுதான் 2024 ஏப்ரல் இறுதியில் குர்துபா சென்றோம். திரும்பும்போது சுமை இறங்கிவிடவில்லை. ஆனால் அது வேறொரு சுமையாக மாறியிருந்தது. அந்த மாற்றத்தைச் சொல்லவே இக்கட்டுரை.

நாம் தனியே செல்லவில்லை. நம் காக்காவும் உடன் வந்தார்கள். இந்த ஒரு வரியை எழுத நமக்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன என்பதை வாசகர்கள் அறியமாட்டார்கள். மர்ஹூம் வாப்பா விட்டுச் சென்ற தென்னந்தோப்பைப் பங்கிடும்போது ஒரு சொல் தடித்தது. ஒரு சொல் நூறு சொல்லாயிற்று. நாம் வக்கீல் அறிவிப்பு அனுப்பினோம். காக்கா, கிணறு தம் பங்கில் இருக்கும்படி தோப்பின் குறுக்கே சுவர் எழுப்பினார்கள். அதன் பிறகு மௌத்து வீட்டிலும் நிக்காஹ் பந்தலிலும் ஸலாம் சொல்லிக்கொள்வதோடு எங்கள் உறவு நின்றுபோயிற்று. மத்ரீதில் வேலை பார்க்கும் காக்காவின் மகன் இருவரையும் அழைத்தான். ஒருவர் வருவதை மற்றவரிடம் சொல்லாமல் அழைத்த கெட்டிக்காரன் அவன். விமான நிலையத்தில் ஒருவரையொருவர் பார்த்தபோது, திரும்பிப் போக இருவருக்கும் வழியில்லை.

குர்துபாவில் இரண்டாம் நாள் அவன் ஒரு செய்தி சொன்னான். நகருக்கு மேற்கே சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில் மதீனத்துஸ் ஸஹ்ரா என்னும் பழம்பெரும் அரண்மனை நகரத்தின் இடிபாடுகள் உள்ளன என்றும், ஆற்றங்கரை வழியே வழிகாட்டியோடு மிதிவண்டியில் அங்கே செல்ல ஏற்பாடு செய்திருப்பதாகவும் கூறினான். காக்காவுக்கு வயது 71. முழங்கால் வலி வேறு. நமக்கு 66. “இந்த வயதில் சைக்கிளா?” என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டோம். ஆறு ஆண்டுகளில் நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுவே.

அது சாதாரண மிதிவண்டி அன்று, மின்மிதிவண்டி. சட்டத்தோடு ஒரு மின்கலமும், மிதிக்கு உதவ ஒரு சிறு மோட்டாரும் அதில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி அந்த மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கு மேற்படலாகாது. வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டியதும் அதன் உதவி நின்றுவிட வேண்டும். எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று: நாம் மிதித்தால்தான் அது உதவும், மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நிறுத்திக்கொள்ளும். மோட்டார் சைக்கிளைப் போல் ஏறி உட்கார்ந்து போய்விட முடியாது. வழிகாட்டியாக வந்த ஸ்பானியப் பெண்மணி இதை விளக்கியபோது, காக்கா தலைக்கவசத்தின் வாரை இறுக்கிக்கொண்டே, “முயற்சி நம்முடையது, உதவி அதனுடையது” என்று தமிழில் சொன்னார்கள். யாரிடம் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அருகில் நின்றவர் நாம் மட்டுமே.

காலை ஒன்பது மணிக்கு ரோமானியப் பாலத்தருகே புறப்பட்டோம். ரோமானியர் அமைத்து, பின்னர் முஸ்லிம் ஆளுநர்கள் புதுப்பித்த அந்தப் பாலம் 16 வளைவுகளோடு ஆற்றைக் கடக்கிறது. ரோமானியர் இந்த ஆற்றுக்கு இட்ட பெயர் பேத்திஸ். அரபியர் அதனை ‘அல்வாதி அல்கபீர்’, அதாவது பேராறு என்றனர். அரபியர் ஆட்சி மறைந்து நூற்றாண்டுகள் பல கடந்த பின்னும் ஸ்பானியரின் நாவில் அது ‘குவாதல்கிவிர்’ என்றே வழங்குகிறது. 657 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கும் அந்த நதி, தன் அரபுப் பெயரை ஒவ்வொரு நாளும் உரக்கச் சொல்லிக்கொண்டே ஓடுகிறது.

பாலத்தை ஒட்டிய ஆற்றுத் திட்டுகளில் வில்லோ மரங்களும் நாணலும் அடர்ந்து வளர்ந்துள்ளன. பழைய நீராலைகளின் கற்சுவர்கள் அவற்றினிடையே பாதி மூழ்கி நிற்கின்றன. 2001-இல் இப்பகுதியை இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்துக் காத்து வருகின்றனர். கொக்குகளும் இராக்கொக்குகளும் நீர்க்காகங்களும் அங்கே குடித்தனம் நடத்துகின்றன. கரையில் அல்போலாஃபியா என்னும் பெரிய நீர்ச்சக்கரம் நிற்கிறது. ஒரு காலத்தில் ஆற்று நீரை மேலேற்றிய சக்கரம் அது. அதன் இரைச்சல் உறக்கத்தைக் கெடுத்ததால் இஸபெல்லா அரசி அதைக் கழற்றிவிடச் செய்தாள் என்று ஒரு கதை வழங்குகிறது. இன்று நாம் காண்பது பிற்காலத்தில் மீண்டும் அமைத்தது. காக்கா வண்டியை நிறுத்தி அந்தச் சக்கரத்தை நெடுநேரம் பார்த்தார்கள். கிணற்றையும் தண்ணீரையும் நினைத்தார்களோ என்னவோ! நாம் நினைத்தோம்.

நகரின் ஓசை மெல்ல மெல்லப் பின்னால் தங்கிவிட்டது. இருபுறமும் ஆரஞ்சுத் தோப்புகளும் பயிர் நிலங்களும் வந்தன. வடக்கே ஸியர்ரா மொரேனா மலைத்தொடர் நீலமாய்த் தெரிந்தது. மிதிப்பதற்குச் சிரமமே இல்லை. மேடு வந்தால் பின்னாலிருந்து யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவது போன்ற உணர்வு. அந்த உணர்வு நமக்குப் புதிதன்று. பள்ளிப் பருவத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த சைக்கிளில் நாம் குரங்குப் பெடல் போட்டுப் பழகியபோது, பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு ஓடி வந்த கை காக்காவின் கை. பிறகு எத்தனையோ நாட்கள் அவர்கள் மிதிக்க, நாம் கேரியரில் அமர்ந்து பள்ளிக்கூடம் போயிருக்கிறோம். இதையெல்லாம் ஆறு ஆண்டுகள் எங்கே வைத்துப் பூட்டியிருந்தோம் என்று நமக்கே வியப்பாயிற்று.

மலையடிவாரத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது. 2009-இல் திறக்கப்பட்டு, அடுத்த ஆண்டே ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது அது. இடிபாடுகளின் காட்சியை மறைத்துவிடலாகாது என்று, நிலத்துக்குள் தாழ்ந்து அடங்கியிருக்குமாறு அதைக் கட்டியிருக்கிறார்கள். அந்த அடக்கம் நம்மைக் கவர்ந்தது. வண்டிகளை அங்கே விட்டுவிட்டு, பார்வையாளர்களுக்கான பேருந்தில் மேலே சென்றோம்.

929-இல் தம்மைக் கலீஃபா என்று அறிவித்துக்கொண்ட மூன்றாம் அப்துர் ரஹ்மான், 936-இல் தொடங்கிய நகரம் இது என்று வரலாறு கூறுகிறது. ஏறத்தாழ 1,500 மீட்டர் நீளமும் 750 மீட்டர் அகலமும் கொண்ட இந்நகரம் மலைச்சரிவில் மூன்று படிகளாக இறங்குகிறது. மேலே அரச மாளிகை. நடுவே அரசு மண்டபங்களும் தோட்டங்களும். கீழே மக்கள் குடியிருப்பும் பள்ளிவாசலும். மற்றக் கட்டடங்கள் எல்லாம் ஒரு திசையில் வரிசையாக நிற்க, பள்ளிவாசல் மட்டும் சற்றே திரும்பிக் கிப்லாவை நோக்கிக் கிடக்கிறது. மேல்தளத்திலிருந்து அதைப் பார்த்தபோது உள்ளம் உருகியது. கூரையில்லை, தூணில்லை, தொழுவோர் இல்லை. தரையில் பதிந்த அந்தச் சுவர்க்கோடு மட்டும் இன்னும் திசையை மறக்கவில்லை.

இங்கே தண்ணீர் வந்த கதையும் கேட்கத்தக்கது. ரோமானியர் விட்டுச் சென்ற பழைய நீர்வழியைக் கலீஃபாவின் பொறியாளர்கள் செப்பனிட்டு, மலைநீரை நகருக்குள் கொண்டுவந்தார்கள். முன்னோர் யாராயினும் அவர்கள் வெட்டிய வாய்க்காலைத் தூர்க்காமல் துப்புரவு செய்து பயன்படுத்துவது அறிவுடையோர் செயல். நாம் தலைகுனிந்து அடுத்த படியில் இறங்கினோம்.

953-க்கும் 957-க்கும் இடையில் எழுந்த வரவேற்பு மண்டபம் இந்நகரின் மணிமுடி. 1944-இல் அதை அகழ்ந்தபோது, பூவேலைப்பாடு செதுக்கிய கல்துண்டுகள் ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி, எந்தப் பூவிதழ் எந்தக் கொடியைச் சேர்ந்தது என்று பார்த்துப் பார்த்துப் பொருத்தும் பணி தலைமுறைகளாக நடந்து வந்திருக்கிறது. அகழ்வு 1911-இல் தொடங்கியது. இன்றளவும் நகரத்தில் பத்தில் ஒரு பங்கே வெளிவந்துள்ளது. 2018-இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

அப்போதுதான் காக்கா, தம் மகன் வாயிலாக வழிகாட்டியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். நம் நெஞ்சிலும் அதுவே இருந்தது. “குர்துபாவைக் கைப்பற்றிய ஃபெர்டினாண்டு மன்னரின் படைகள்தாமே இதை இடித்தன?”

அந்தப் பெண்மணி சற்றுத் தயங்கினார். பிறகு மென்மையாகச் சொன்னார்: “இல்லை, ஐயா. அவர் வந்தது 1236-இல். அதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே இந்நகரம் பாழடைந்துவிட்டது.”

இடித்தவர்கள் முஸ்லிம்களே. 976-இல் இரண்டாம் ஹகம் மறைந்தார். சிறுவரான ஹிஷாம் அரியணை ஏறினார். அதிகாரம் அமைச்சர் மன்ஸூரின் கைக்குப் போயிற்று. அவர் வேறொரு நகரைக் கட்டி ஆட்சியை அங்கே மாற்றிக்கொண்டார். அவருடைய மறைவுக்குப் பின், 1009-இல், ஆட்சிக்காக ஒருவரோடொருவர் மோதினர். வரலாற்றாசிரியர்கள் ‘ஃபித்னா’ என்றே பெயரிட்ட அந்த உள்நாட்டுக் கலகத்தில், 1010-லிருந்து இந்நகரம் சூறையாடப்பட்டது. 1031-இல் கிலாஃபத்தே இல்லாமல் போயிற்று. கட்டத் தொடங்கி 80 ஆண்டுகள் நிறைவதற்குள் நகரம் பாழ்! அப்போது இளைஞராயிருந்த பேரறிஞர் இப்னு ஹஸ்ம், தம் குடும்பத்தின் வீடுகள் அழிந்துபட்டதை ‘புறாவின் கழுத்து வளையம்’ என்ற நூலில் துயரத்தோடு குறித்திருக்கிறார். அதன் பிறகு கற்கள் வேறு கட்டடங்களுக்குப் போயின, மாடுகள் மேய்ந்தன, இது இன்ன நகரம் என்பதையே மறந்து, ‘பழைய குர்துபா’ என்று மக்கள் அழைத்தனர்.

மேடைகளில் இந்தப் பகுதியை நாம் கேட்டதே இல்லை. அல்லது சொன்னபோது காதில் ஏற்றிக்கொள்ளவில்லை. பிறர் பறித்ததைச் சொல்லி அழுவது எளிது. நம் கையால் நாம் உடைத்ததை எண்ணி அழுவது கடினம். முந்தியது மனத்தை ஆற்றும். பிந்தியதோ நம்மைத் திருத்தும். அதனால்தான் போலும், முந்தியதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறோம்.

காக்கா ஒரு கல்லில் அமர்ந்திருந்தார்கள். நாம் அருகே சென்று நின்றோம். இருவரும் பேசவில்லை. கீழே பள்ளத்தாக்கில் குவாதல்கிவிர் வெள்ளிக் கோடாய் மின்னிக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில் வெயில் ஏறிவிட்டது. ஒரு மேட்டில் காக்காவின் வண்டி பின்தங்கியது. உதவி விசையைத் தவறுதலாக அணைத்துவிட்டு, வெறுங்காலால் மிதித்துக்கொண்டிருந்தார்கள். நாம் திரும்பிப் போய், விசையைப் போட்டுக் கொடுத்து, பழக்கமில்லாத கையால் அவர்கள் முதுகைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளினோம். சற்று தூரம் போன பின் நாமே வாய் திறந்தோம்.

“காக்கா, அந்த வக்கீல் அறிவிப்பை நான் அனுப்பியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கிடுங்க.”

காக்கா உடனே விடை சொல்லவில்லை. ஒரு தோப்பு முழுவதும் கடந்து போயிற்று. பிறகு, “உன் பக்கத்து மரங்களெல்லாம் காய்ந்துபோச்சாமே, தம்பி?” என்று கேட்டார்கள்.

“பாதி மரம் போயிட்டுது, காக்கா.”

“சுவரை இடிக்கணும்னா கொத்தனார் கூலி யார் கொடுக்குறது?”

நாம் சிரித்துவிட்டோம். அவர்களும் சிரித்தார்கள். முன்னே சென்ற மகன் திரும்பிப் பார்த்தான், எதுவும் கேட்கவில்லை.

ஊர் திரும்பிப் பல மாதங்கள் ஆகின்றன. உண்மையைச் சொல்ல வேண்டும்: சுவர் இன்னும் இடிபடவில்லை. கணக்கும் முழுதாய்த் தீரவில்லை; சில வார்த்தைகளின் வடு ஒரு பயணத்தில் மறைவதன்று. ஆனால் சுவரின் நடுவே ஒரு கதவு வைத்திருக்கிறோம். கூலியில் ஆளுக்குப் பாதி. சுவரின் அடியில் ஒரு குழாய் போகிறது. கிணற்று நீர் இப்போது இருபுறமும் பாய்கிறது. எஞ்சிய மரங்களில் சில குருத்து விட்டிருக்கின்றன. அஸருக்குப் பின் காக்கா அந்தக் கதவு வழியே வந்து, அவற்றைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

அந்தலூஸை நினைத்து இனியும் நாம் பெருமூச்சு விடுவோம். விடும்போதெல்லாம் நம் தோப்பின் சுவரையும் நினைப்போம். நம்மிடையே எழும் ஃபித்னாவிலிருந்து வல்ல நாயன் நம் இல்லங்களைக் காத்தருள்வானாக!