மழை பேஞ்சா இழுக்குதுப்பா

முதல்லயே சொல்லிடறேன், இது கரண்ட் பத்தின பதிவு. ஈ.ஈ.ஈ. படிச்ச மக்கள் யாராவது இருந்தா, தப்பு இருக்கிற இடத்துல தலையில குட்டிட்டுப் போகவும். மத்தவங்க பயந்து ஓட வேண்டாம். பெரிய கணக்கெல்லாம் கிடையாது. இருக்கிற கொஞ்சநஞ்சமும் என் மானம் போன கதையைச் சொல்றதுக்காகத்தான்.

எங்க ஊரு தஞ்சாவூர்லேருந்து மன்னார்குடி போற ரோட்டுல, வடுவூருக்கு இந்தாண்டை. நான் பொட்டி தட்டுறது சென்னையில. அம்மா ரெண்டு வருஷமா போன்ல ஒரே புகாரைச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

"தம்பி, கேபிள் டப்பாவுல திருகுற ஒயரு இருக்குல்ல, அதத் தொட்டா கரண்டு இழுக்குதுப்பா. மழை பேஞ்சா ரொம்ப இழுக்குது."

எங்க வீட்டுல இடி இடிக்க ஆரம்பிச்சா முதல் வேலை, டிவி பிளக்கைப் பிடுங்கிட்டு அந்தக் கேபிளையும் கழட்டி விடுறது. தெருவுல ஒரு தென்னை இடி விழுந்து மண்டை கருகிப் போனதுலேருந்து அம்மாவுக்கு இது ஒரு விரதம் மாதிரி. மழை விட்டதும் திரும்ப மாட்டுவாங்க. அதுக்குன்னே டிவி ஸ்டாண்டுக்குக் கீழ ஒரு ஜோடி பழைய ரப்பர் செருப்பு. வீட்டுக்குள்ள செருப்பான்னு அப்பா திட்டுவாரு, நானும் அக்காவும் கிண்டல் பண்ணுவோம். அம்மா கண்டுக்கவே மாட்டாங்க.

நான் படிச்சது ஈ.சி.ஈ. கோ-ஆக்ஸியல் கேபிள்னா நடுவுல ஒரு செப்புக் கம்பி, சுத்தி வெள்ளையா ஒரு இன்சுலேஷன், அதுக்கு மேல ஃபாயிலும் பின்னின கம்பி வலையும், அதுக்கும் மேல கறுப்புத் தோல், இம்பிடன்ஸ் 75 ஓம், அதைக் கண்டுபிடிக்க 138 லாக்னு ஒரு ஃபார்முலா. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அதனால அம்மாவுக்கு போன்லயே பதில் சொல்லிட்டேன்.

"அம்மா, நீ மழை நாள்ல மட்டும்தானே அதத் தொடுறே? அதான் மழை நாள்ல மட்டும் இழுக்கிற மாதிரி தெரியுது. வெயில் நாள்ல தொட்டாலும் அப்படித்தான் இருக்கும்."

எவ்ளோ புத்திசாலித்தனம் பாருங்க! அம்மா, "அப்படியாப்பா"ன்னு விட்டுட்டாங்க.

போன மே மாசம் ஊருக்குப் போனப்ப மல்டிமீட்டரும் கையுமா உக்காந்தேன். கேபிளோட வெளி வளையத்துல ஒரு முனை, மூணு பின் பிளக் பாயின்டோட எர்த் ஓட்டையில இன்னொரு முனை. அறுபது வோல்ட் சொச்சம் காட்டுச்சு. சரி, இது பேய் வோல்டேஜான்னு பார்க்க, நடுவுல ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை வெச்சேன். நேரா பூஜ்யத்துக்கு விழுந்துடுச்சு. முடிஞ்சது கேஸு.

இந்தப் பேய் வோல்டேஜ் என்னன்னு ரெண்டு வரியில சொல்லிடறேன். செட்டாப் பாக்ஸ், டிவி, செல்போன் சார்ஜர்னு ரெண்டு பின் வெச்ச எல்லாத்துக்குள்ளயும் ஒரு சின்ன கெபாசிட்டர், மெயின்ஸ் பக்கத்தையும் இந்தப் பக்கத்து உலோகத்தையும் இணைக்கிற மாதிரி இருக்கும். இரைச்சலை அடக்கத்தான் அது. அது வழியா எப்பவும் ஒரு துளி கரண்ட் கசியும், கால் மில்லி ஆம்பியருக்கும் கீழே. தொட்டா சுர்ருங்கும், அவ்வளவுதான். ஆனா தெரு பூரா வீடுகளோட டப்பாக்களும் ஒரே கேபிள் வலையில கோத்திருக்கு. அந்த வலையை எங்கயும் எர்த் பண்ணலைன்னா, எல்லார் வீட்டுத் துளியும் ஒண்ணா சேர்ந்து, தொடுறவன் வழியா இறங்கும். ஆக கொஞ்சம் பலமா சுர்ருங்குது, பயப்பட ஒண்ணுமில்லைன்னு தீர்ப்பு எழுதிட்டு பஸ் ஏறிட்டேன்.

நான் சொன்ன தியரி தப்பில்லை. எங்க வீட்டுல நடந்தது அது இல்லை, அம்புட்டுதான்.

தீபாவளிக்குப் போனேன். ஐப்பசி மழை, விடாம ரெண்டு நாளா கொட்டுது. வடவாறு கரை தொட்டு ஓடுது. மத்தியானம் இடி இடிக்கவும் அம்மா வழக்கம்போல கேபிளைக் கழட்டித் தொங்க விட்டிருந்தாங்க. அக்கா மகனுக்கு ரெண்டு வயசு. எது கையில கிடைச்சாலும் நேரா வாய்க்குத்தான். கட்டில் மேல நின்னுக்கிட்டு அந்த ஒயரைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருந்தான். "ஐயோ, புள்ள ஒயரப் பிடிச்சிருக்குடா"ன்னு அம்மா கத்தினாங்க. நான் கொல்லையில கால் கழுவிட்டு அப்பதான் உள்ள வரேன். ஈரக் கால், ஈரத் தரை. ஓடிப்போய் அவன் கையிலேருந்து ஒயரைப் பிடுங்கினேன்.

அது சுர்ரெல்லாம் இல்லைங்க. கை தானா உதறி, ஒயர் தெறிச்சு, நான் பின்னாடி போய் பீரோவுல மோதி உக்காந்துட்டேன். முழங்கை வரைக்கும் மரத்துப் போச்சு. குழந்தை என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். காய்ஞ்ச மரக்கட்டில்ல நின்னதால அவனுக்கு ஒண்ணும் ஆகலை. கட்டில்லேருந்து ஒரு காலை ஈரத் தரையில வெச்சிருந்தா? அன்னிக்கு ராத்திரி தூங்கலை.

மறுநாள் ஊர் ஒயர்மேன் அண்ணனைக் கூட்டிட்டு வந்தோம். அவர்கிட்ட மல்டிமீட்டர் எல்லாம் கிடையாது. ஹோல்டர்ல ஒரு பழைய குண்டு பல்பு, அதுலேருந்து ரெண்டு ஒயர். டெஸ்ட் லாம்ப். முதல்ல பிளக் பாயின்ட்ல ஃபேஸுக்கும் எர்த் ஓட்டைக்கும் நடுவுல வெச்சாரு. பல்பு எரியலை.

"தம்பி, ஒங்க வூட்டுல எர்த்தே இல்லையே."

எனக்கு மூஞ்சி செத்துப் போச்சு. மே மாசம் நான் அளந்தது எதை வெச்சு? அந்த எர்த் ஓட்டையை வெச்சுத்தான். அது எங்கயுமே போகாத ஒயர். மாட்டுக்கொட்டகை பக்கத்துல இருந்த எர்த் குழியில கம்பி எப்பவோ துருப்பிடிச்சு அத்துப் போயிருக்கு. மறு முனை எங்கயும் சேராத ஒயரை வெச்சு அளந்தா, ரெசிஸ்டர் வெச்சதும் பூஜ்யம் காட்டாம என்ன செய்யும்? கேபிள்ல 230 வோல்ட் இருந்திருந்தாலும் பூஜ்யம்தான் காட்டியிருக்கும். அளவுகோலே உடைஞ்சு கிடக்கு, அதை வெச்சு அம்மா சொல்றது தப்புன்னு நிரூபிச்சிருக்கேன்.

அண்ணன் அடுத்து கொல்லைக்குப் போனாரு. அடி பம்போட இரும்புக் குழாய்ல ஒரு முனை, கேபிளோட வளையத்துல இன்னொரு முனை. பல்பு மங்கலா, செவப்பா எரிஞ்சுது. பல்பு இழை செவக்கணும்னா பல பத்து மில்லி ஆம்பியராவது ஓடணும். மனுஷ உடம்புக்கு 1 மில்லி ஆம்பியர்ல கூச்சம் தெரியும், 10க்கு மேல போனா பிடிச்ச கையை விட முடியாது, 30ஐத் தாண்டினா நெஞ்சுக்கு ஆபத்து ஆரம்பம். மேல கணக்குப் போட எனக்குத் தைரியம் வரலை.

எங்கேருந்து வருதுன்னு தெருவோட நடந்து பார்த்தோம். நாலாவது வீட்டுல கிடைச்சுது. போஸ்ட்லேருந்து வீட்டுக்குப் போற சர்வீஸ் வயரை ஒரு ஜி.ஐ. கம்பியில கட்டித் தொங்க விட்டிருப்பாங்கல்ல, அதே கம்பியிலயே கேபிளையும் சேர்த்துக் கட்டியிருக்கு. காத்துல ரெண்டும் உரசி உரசி, சர்வீஸ் வயர் தோலும் போச்சு, கேபிள் தோலும் போச்சு. வெயில் காலத்துல நடுவுல ஒரு நூல் இடைவெளி. மழை பேஞ்சா அந்த இடைவெளியில தண்ணி. அம்மா சொன்னது அட்சரம் பிசகாம சரி.

2018 நவம்பர் 16 விடியக்காலையில வேதாரண்யம் பக்கம் கரையேறின கஜா புயல் ஞாபகம் இருக்கும். டெல்டா மாவட்டங்கள்ல ஒரு லட்சத்துக்கும் மேல மின்கம்பங்கள் போச்சு. வாரக்கணக்குல இருட்டு. அப்ப ரோடெல்லாம் ஈ.பி. கம்பியும் கேபிளும் பின்னிக்கிட்டுக் கிடந்தது. எப்படியாவது வெளிச்சம் வந்தா போதும், எப்படியாவது டிவி தெரிஞ்சா போதும்னு அவசரத்துல எதுல எதையோ கட்டினாங்க. எங்க தெருக் கேபிளும் அப்ப கட்டினதுதான். யாரையும் குத்தம் சொல்ல மனசு வரலை. ஆனா அந்த அவசரக் கட்டு அப்படியே வருஷக்கணக்கா நின்னு போச்சு பாருங்க, அதுதான் உதைக்குது.

2022 ஏப்ரல்ல தஞ்சாவூரை ஒட்டின களிமேட்டுல தேர், மேல போற உயர் அழுத்தக் கம்பியில பட்டு 11 பேர் செத்துப் போனாங்க. அதுலேருந்து எங்க பக்கம் எல்லாரும் மேல போற கம்பியை அண்ணாந்து பார்க்கிறாங்க. ஜன்னல் வழியா கூடத்துக்குள்ள வர்ற கம்பியை யாரும் பார்க்கிறதில்லை. அது டிவி ஒயருதானே!

அப்பா எல்லாத்தையும் கேட்டுட்டு, "புதுசா ஏதோ டிரிப் ஆகுற பெட்டி வந்திருக்காமே, அத மாட்டிட்டா ஆச்சுல்ல?"ன்னாரு. ஆர்.சி.சி.பி.யைத்தான் சொல்றாரு. அது கட்டாயம் வேணும், 30 மில்லி ஆம்பியர்ல விழுற மாதிரி மாட்டியும் ஆச்சு. ஆனா இந்த விஷயத்துல அது காப்பாத்தாது. நம்ம வீட்டு ஃபேஸ்ல போற கரண்டும் நியூட்ரல்ல திரும்புற கரண்டும் சமமான்னு மட்டும்தான் அது பார்க்கும். தெருக்கேபிள் வழியா வந்து, நம்ம உடம்புல இறங்கி, நம்ம தரைக்குப் போற கரண்ட் அந்தப் பெட்டியைத் தொடுறதே இல்லை. வாசல்ல காவல் போட்டிருக்கு, இது கொல்லை வழியா வருது.

எர்த் எதுக்குன்னு அப்பாவுக்கு விளக்க ஆரம்பிச்சேன். பாதியில நிறுத்தி, "வடிகால்னு சொல்லேன்"ன்னாரு. வயலுக்கு வாய்க்கால் வெட்டினா போதாது, வடிகாலும் வெட்டணும், இல்லேன்னா மிச்சத் தண்ணி வரப்பை உடைச்சுக்கிட்டுத் தானா ஒரு வழி பார்த்துக்கும். நாலு வருஷம் காலேஜ்ல இதை இவ்வளவு சுருக்கமா யாரும் சொல்லித் தரலைங்க. எங்க மண்ணு களிமண்ணு, ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். எர்த்துக்கு இதைவிட நல்ல மண்ணு கிடைக்கிறது கஷ்டம். அதே ஈரத் தரையில வெறுங்காலோட நடக்கிற நாமதான் ஊர்லயே நல்லா எர்த் ஆகியிருக்கோம், டிவி ஆகலை!

சரி, என்ன செஞ்சோம்னு சொல்றேன்:

முதல்ல பழுதைச் சரி பண்ணினோம். ஈ.பி. லைன்மேன் வந்து சப்ளையை நிறுத்திட்டு சர்வீஸ் வயரை மாத்தினாரு. கேபிளைத் தனிக் கம்பியில, தள்ளிக் கட்டியாச்சு. இந்த வரிசை முக்கியம். பழுது இருக்கும்போதே கேபிளை எர்த்தோட கட்டினா, மொத்தக் கரண்டும் அந்த மெல்லிசு வலை வழியா ஓடி, கேபிளே சூடாகிப் பத்திக்கலாம்.

ரெண்டாவது, புது எர்த் குழி. ஜி.ஐ. குழாய், சுத்தி கரியும் உப்பும், மேல தண்ணி ஊத்த ஒரு வாய். கோடையில வாய்க்கால் காஞ்சு, மேட்டூர் தண்ணி வர்ற வரைக்கும் நிலம் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும்ல, அந்த மாசங்கள்ல குழிக்கும் ரெண்டு குடம் தண்ணி ஊத்தணும். இந்தியாவுல எர்த்துக்குன்னே ஐ.எஸ். 3043ன்னு ஒரு தர விதி இருக்கு. ஒயர்மேன் அண்ணன் அதைப் படிச்சதில்லை, ஆனா கை அதைத்தான் செய்யுது.

மூணாவது, கேபிள் வீட்டுக்குள்ள நுழையுற இடத்துல ஒரு சின்ன உலோகக் கட்டை. கேபிள் ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போகும், நடுவுல எர்த் கம்பிக்கு ஒரு ஸ்க்ரூ. அதுலேருந்து செப்புக் கம்பி, வீட்டு எர்த்துக்கே. தனியா இன்னொரு கம்பியை அடிச்சு அதுல மட்டும் கட்டக் கூடாது. ரெண்டு எர்த்துக்கும் நடுவுல வோல்டேஜ் வித்தியாசம் வந்தா அதுவே ஷாக். அமெரிக்க மின் விதியில இந்தக் கட்டு கட்டாயம். 14 கேஜுக்குக் குறையாத செப்பு, வீடுகளுக்கு 20 அடிக்குள்ளன்னு அளவே போட்டிருக்கு. நார்வே, ஸ்வீடன் பக்கம் வேற வழி. கேபிள் வலையையும் வீட்டு எர்த்தையும் பிரிச்சு வைக்க கால்வனிக் ஐசொலேட்டர்னு ஒண்ணு. சிக்னலை விடும், 50 ஹெர்ட்ஸ் கரண்டை விடாது. உங்க டிவியோட வந்த குட்டி எழுத்துப் புஸ்தகத்துல இதைப் பத்தி ஒரு எச்சரிக்கை இருந்தாலும் இருக்கும். நான் இத்தனை வருஷத்துல ஒருதடவை கூடப் பிரிச்சதில்லை.

மொட்டைமாடியில டிஷ் வெச்சிருக்கிறவங்க அந்தக் கம்பத்தையும் எர்த் பண்ணுங்க. இடி நேரா விழுந்தா அது தடுக்காது, ஆனா பக்கத்துல விழுந்ததோட பாதிப்பு குறையும். கழட்டுறதா இருந்தா வானம் இருட்டும்போதே கழட்டிடணும், இடி இடிக்கும்போது இல்லை. "எங்க வீட்டுல ஃபைபர்தான்"னு சொல்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. கண்ணாடியில கரண்ட் பாயாது, சரி. ஆனா அதைத் தாங்க கூடவே ஒரு எஃகுக் கம்பி வருதான்னு பாருங்க.

கார்த்திகையில திரும்ப மழை. அம்மா போன் பண்ணினாங்க. "இப்ப இழுக்கலப்பா."

"சாரிம்மா"ன்னேன். எதுக்குன்னு கேட்டாங்க. சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நீ படிச்ச புள்ள, நீ சொன்னா சரியா இருக்கும்னு நெனச்சேன்"னாங்க. திட்டியிருந்தாக் கூடத் தேவலாம்.

பொங்கலுக்குப் போனப்ப பார்த்தேன். டிவி ஸ்டாண்டுக்குக் கீழ அந்த ரப்பர் செருப்பு அப்படியே இருக்கு. அப்பா இப்ப திட்டுறதில்லை.

பி.கு: அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப ஒரு ஒயர்மேனைக் கூப்பிட்டு, டெஸ்ட் லாம்ப் வெச்சு பிளக் பாயின்ட்ல எர்த் இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. அஞ்சு நிமிஷ வேலை. வீட்டுல யாராவது "இழுக்குது"ன்னு சொன்னா, அதுக்கு போன்ல விளக்கம் மட்டும் சொல்லிடாதீங்க.