பிசானத்துக்கு முன்

செப்டம்பர் 7, ஞாயிறு

ஏரல் பக்கத்து இரும்புக் கடைக்காரர் மறுபடியும் அக்காவுக்குப் போன் போட்டிருக்கிறார். டிராக்டரை எடைக்குப் போட்டால் நாற்பதாயிரம் தேறுமாம். "வச்சுக்கிடுதியா, குடுத்திரலாமா? ரெண்டுல ஒண்ணு சொல்லிரு தம்பி. தொழுவத்துல பாதி இடத்த அதுதான் அடைச்சுக்கிட்டு நிக்கி" என்றாள் அக்கா. அவள் கேட்பது நியாயம். வயலைப் பார்ப்பது அவளும் அத்தானும். நான் தூத்துக்குடியில் துறைமுகக் கிரேன்களுக்கு மராமத்து பார்ப்பவன்.

மாஸி ஃபெர்குசன் 35. தாத்தா 1968-இல் வாங்கியது. அன்றைக்குக் கையில் ரொக்கம் இருந்தாலும் டிராக்டர் உடனே கிடைத்துவிடாது, பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வந்த நாளிலிருந்து ஆழ்வார்திருநகரி வட்டாரத்தில் எத்தனையோ பேர் வயலில் தொளி அடித்து, நாற்று நடச் சேறாக்கிய வண்டி. தாத்தாவுக்குப் பிறகு அப்பா அதை வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தத் தாமிரபரணிக் கரையில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 946 மில்லிமீட்டர் மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. தாமிரபரணி எங்கள் தொழுவத்துக்குள் வந்து டிராக்டரின் ஸ்டியரிங் உயரத்துக்கு நின்றது. தண்ணீர் வடிந்தபோது அப்பா படுக்கையில் இருந்தார். அடுத்த ஆண்டு போய்விட்டார். வண்டி வண்டலோடு அப்படியே நிற்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

மெக்கானிக் அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பாவோடு பழகியவர், எழுபதை நெருங்குகிறார். சாவியைத் தொடவே விடவில்லை. "முங்குன வண்டியில செல்ஃப் போட்டா ராடு வளைஞ்சிரும் தம்பி" என்று சொல்லிக்கொண்டே படுத்து, சம்ப்பின் அடி நட்டைத் திறந்தார். முதலில் வந்தது தண்ணீர். கலங்கல்கூட இல்லை, வெளுத்த ஆற்றுத் தண்ணீர். பிறகு சேறு, அதற்குப் பின்னால் பால் விட்ட காப்பி நிறத்தில் ஆயில். ஆயிலைவிடத் தண்ணீர் கனம், அதனால் அடியில் போய்த் தங்கியிருக்கிறது. அண்ணாச்சி ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். மணல் நெருடவில்லை. முகம் கொஞ்சம் தெளிந்தது.

மூன்று நாசில்களையும் கழற்றி, டீசலும் பிரேக் ஆயிலும் கலந்து ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஊற்றினார். ஒரு வாரம் ஊறட்டும் என்றார்.

அவர் வேலை பார்க்கையில் நான் துருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பிழைப்பே அதுதான். துறைமுகத்தில் இரும்பைத் தின்பது உப்பு. பெயின்டுக்கு அடியில் புகுந்து, மேலே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே குழி பறித்துவிடும். இங்கே இருப்பது நல்ல தண்ணீர்த் துரு. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்து, கீழே கெட்டி இரும்பு தெரிகிறது. மட்கார்டை மட்டும் நம்ப முடியாது. கியர் பெட்டி, பின் ஆக்ஸில் கூடு எல்லாம் கனத்த வார்ப்பு, ஒன்றும் ஆகவில்லை.

இந்த வண்டியைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து, புதுசாக ஆக்கி, வீட்டு வாசலில் நிறுத்த வேண்டும் என்றுதான் மனதில் ஓர் ஆசை வைத்திருந்தேன். என் வீட்டிலிருந்து உப்பளம் கண்ணுக்குத் தெரிகிற தூரம். ஆறு பிழைக்க விட்டதைக் கடற்காற்றிடம் கொண்டுபோய்க் கொடுப்பதா? வண்டி ஊரைவிட்டு வராது. இது ஒன்று இன்றைக்கு முடிவாயிற்று.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்ஜின் சுற்றிவிட்டது! ஃப்ளைவீல் பல்லில் கம்பியைக் கொடுத்து அண்ணாச்சி மெல்ல நெம்பினார். முதலில் அசையவில்லை. எதிர்ப்பக்கம் ஒரு நெம்பு, மறுபடி இந்தப் பக்கம். பிறகு கர்ரென்று ஒரு சத்தத்தோடு நகர்ந்தது. ஹெட்டைத் தூக்கிப் பார்த்ததில் இரண்டு லைனர் தேறும், நடு லைனரில் குழி விழுந்திருக்கிறது. "மாத்துனா மூணையும் மாத்திரணும்" என்றார். அதுதான் சரி.

சாமான் கிடைக்குமா என்று நான் பயந்ததற்கு அவசியமே இல்லை. இதன் மூன்று சிலிண்டர் இன்ஜின் இங்கிலாந்துப் பெர்கின்ஸ் கம்பெனியின் வடிவம், சென்னையில் செய்தது சிம்ப்சன். அந்தக் குடும்பத்து இன்ஜின்கள் தொடர்ந்து வந்துகொண்டே இருந்ததால் லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் திருநெல்வேலிக் கடைகளிலேயே கேட்டு வாங்கலாம். இதே வயதுள்ள வேறு எத்தனையோ வண்டிக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

சிம்ப்சனை நடத்தி, 1960-இல் டாஃபே டிராக்டர் கம்பெனியைத் தொடங்கிய எஸ். அனந்தராமகிருஷ்ணன் பிறந்தது ஆழ்வார்திருநகரி. எங்கள் வயலிலிருந்து கூப்பிடு தூரம்! அடுத்த ஆண்டே சென்னை செம்பியத்தில் மாஸி ஃபெர்குசன் வெளிவரத் தொடங்கியது. தாத்தாவுக்கு இது தெரிந்திருக்குமா? தெரிந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லியிருப்பார். மாஸி ஃபெர்குசன் என்ற பெயருக்காக அமெரிக்க ஏக்கோ கம்பெனியோடு நடந்த வழக்கும் 2025 ஜூலையில் சமரசமாகி, இந்தியா, நேபாளம், பூட்டானில் அந்தப் பெயர் டாஃபேக்கே சொந்தம் என்று முடிந்திருக்கிறது. படித்தபோது சொந்தக்காரர் ஜெயித்த சந்தோஷம் எனக்கு.

செப்டம்பர் 28, ஞாயிறு

கூட வேலை பார்க்கும் ஒருவர், வெளிநாட்டில் இதே மாடலை மீட்டெடுத்தவர்களின் படங்களைக் காட்டினார். நட்டு போல்ட்டெல்லாம் கண்ணாடி மாதிரி. அழகுதான். ஆனால் ஒன்றின் டயரில்கூட மண் இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

சாயங்காலம் பழைய துறைமுகத்தில் தோணி வேலை நடக்கும் இடத்துக்குப் போனேன். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டுபோகிற மரத் தோணி ஒன்று கரையேறி நின்றது. பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியைத் திணித்துக் கலப்பத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் பலகை பழசு, எந்தப் பலகை மாற்றியது என்று தோணி கட்டும் ஓடாவி தொட்டுத் தொட்டுக் காட்டினார். பாதிக்கு மேல் மாற்றியது. "ஓட்டம் இருக்கிற வரைக்கும்தான் தோணி சார். சும்மா கரையில கெடந்தா வெயில்ல காஞ்சு இடுக்கு வாய பொளந்துரும்" என்றார். அந்தத் தோணியில் அடுத்த வாரம் சரக்கு ஏறுகிறது.

வ.உ.சி. 1907-இல் இந்தக் கடலுக்குக் கொண்டுவந்த காலியா, லாவோ கப்பல்களின் நினைப்பும் வந்தது. அவருடைய கப்பல் கம்பெனி நொடித்துக் கப்பல்கள் கைமாறிப் போயின. இன்று படத்தில்தான் பார்க்கிறோம். எடைக்குப் போடும் யோசனையை நான் அடியோடு விட்டது இங்கே நின்றுதான்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

அக்கா டிராக்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்தாள். பூஜை முடிந்ததும் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். இன்ஜின், கிளட்ச், ஹைட்ராலிக், வயரிங் எல்லாம் சேர்த்து ஒன்றேமுக்கால் லட்சம் வரை ஆகும் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். இந்தப் பணத்தை முன்பணமாகக் கட்டி, தவணையில் புது வண்டியே எடுக்கலாமே என்றார் அத்தான்.

நான் சொன்ன கணக்கு இது. புது வண்டி என்றால் மாதத் தவணை, நம் நாலு ஏக்கருக்கு அது பாரம். இதன் பின்னால் உள்ள மூன்று புள்ளி இணைப்பு, ஹாரி ஃபெர்குசன் கண்டுபிடித்தது. பின்னாளில் எல்லா கம்பெனியும் அதையே எடுத்துக்கொண்டதால், இன்று கடையில் வாங்கும் ஐந்து கலப்பையும் 1968 வண்டியில் அப்படியே மாட்டும். தொளிக்கு மாட்டும் கேஜ் வீல் ஏற்கெனவே பரணில் இருக்கிறது. இதே ஃபெர்குசன் வம்சத்து வண்டிகளை ஓட்டிக்கொண்டுதான் எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4-ஆம் தேதி தென் துருவத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பனியில் போனது நம் தொளியில் போகாதா?

அத்தான் சிரித்தார். "ஓட்டப் போறது நான்தான மாப்ள, ஹைட்ராலிக்க மட்டும் நல்லாப் பாக்கச் சொல்லுங்க" என்றார். யார் ஓட்டுவது என்பதுதான் எனக்குள் இருந்த பெரிய கேள்வி. அதற்குப் பதில் அவராகவே சொல்லிவிட்டார்.

அக்டோபர் 5, ஞாயிறு

செலவில் முக்கால் பங்கு என்னுடையது, கால் பங்கு அக்கா. ஆர்.சி. புத்தகம் இன்னும் தாத்தா பேரில் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழ் எடுத்து அத்தான் பேருக்கு மாற்ற ஏற்பாடு. பிளாக் நாளை லேத்துக்குப் போகிறது. பிசான நெல் சாகுபடிக்கு அணையில் தண்ணீர் திறப்பதற்குள் வண்டி ஓட வேண்டும் என்று அண்ணாச்சியிடம் கேட்டிருக்கிறேன். மழை முந்திக்கொண்டால் இந்தப் போகத்துக்கு வாடகை வண்டிதான். தொழுவத்தில் வெள்ளம் ஏறிய மட்டத்துக்கு மேல் ஒரு மேடை கட்டி, இனி அதன் மேல்தான் வண்டியை நிறுத்துவது.

பெயின்ட் விஷயத்தில் அக்கா விடவில்லை. "பானட்டுக்காவது செவப்பு அடி, பாக்கதுக்கு ஒரு இதுவா இருக்கும்லா." சம்மதித்தேன். ஆனால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அடித்தால் பெயின்ட் பிடிக்காது. அறுவடை முடிந்து, மாசி வெயில் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.