மூணாவது செல்ஃப் மோட்டார்

வழக்கமா இங்க சுகர், பிரஷர், டெங்குன்னு எழுதுவேன். இன்னைக்கு என் கார் பத்தி ஒரு நீளமான இழை. மெக்கானிக் வேலை தெரிஞ்சவங்க சிரிச்சாலும் பரவாயில்ல. மத்தவங்க கடைசி வரைக்கும் வாங்க, ஒரு பேஷண்ட் கதையும் இருக்கு.

வண்டி 1999 மாடல் மாருதி 800. அப்பா வாங்கினது. 796 சிசி, மூணு சிலிண்டர், கார்புரேட்டர் என்ஜின். திருவண்ணாமலையில மாட வீதியை ஒட்டின சந்துகள்ல ஓட்டிப் பாத்தவங்களுக்குத் தெரியும், இதைவிடத் தோதான வண்டி கிடையாது. வித்துடுன்னு வீட்டுல பத்து வருஷமா சொல்றாங்க. நான் கேட்கல.

பதினாலு மாசத்துல அதுக்கு மூணு தடவை செல்ஃப் மோட்டார் போச்சு. சாவியைத் திருப்பினா முதல்ல சோம்பேறித்தனமா சுத்தும். சில வாரம் கழிச்சு 'டக் டக் டக்'னு சத்தம் மட்டும் வரும். அப்புறம் அதுவும் நின்னுடும். முதல் தடவை கார்பன் பிரஷ் தேஞ்சிருக்குன்னு மாத்தினாங்க. ரெண்டாவது தடவை சாலினாய்டு கருகிடுச்சுன்னாங்க. மூணாவது தடவை ஆர்மேச்சரே கருகி, முழு மோட்டாரும் புதுசு. நடுவுல ஒரு பேட்டரி வேற. ஒவ்வொரு தடவையும் வேலை முடிஞ்சதும் 'விர்ர்'னு கிளம்பும். நானும் சந்தோஷமா காசு கொடுத்துட்டு வந்துடுவேன்.

மூணாவது தடவை அது நின்னது ஒரு பௌர்ணமி ராத்திரி. பௌர்ணமிக்கு எங்க ஊர் வந்தவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கத் தலையாத்தான் தெரியும். ரோட்டுக்கு ரோடு தடுப்பு, ஆட்டோ கிடைக்கறது குதிரைக்கொம்பு. போளூர் ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியிலேர்ந்து ஃபோன். பாம்புக்கடி, கண் இமை சொருகுது சார், உடனே வாங்கன்னாங்க. சாவியைத் திருப்பினேன். டக். டக். தள்ளி ஸ்டார்ட் பண்ண ஆள் இல்ல. கடைசியில எங்க கம்பவுண்டர் பைக்ல பின்னாடி உக்காந்து, சந்து சந்தா பூந்து போய்ச் சேர நாப்பது நிமிஷம் ஆச்சு. அங்க டியூட்டியில இருந்த சின்னப் பொண்ணு, போன வருஷம்தான் ஹவுஸ் சர்ஜன் முடிச்சவ, எனக்காகக் காத்திருக்காம விஷமுறிவு மருந்தை ஏத்த ஆரம்பிச்சிருந்தா. பேஷண்ட் பிழைச்சுக்கிட்டார். அவ இல்லாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு இன்னைக்கும் யோசிக்கப் பிடிக்கல.

ஒரு சின்ன இடைச்செருகல். செல்ஃப் மோட்டாருக்கும் எங்க தொழிலுக்கும் பழைய சம்பந்தம் உண்டு. முன்னாடியெல்லாம் வண்டிக்கு முன்னால இரும்புக் கம்பியைச் செருகிக் கையால சுத்தித்தான் கிளப்பணும். அம்பாசடர்ல அந்தக் கம்பி போடறதுக்கு ஓட்டை இருந்ததைப் பெரியவங்க பாத்திருப்பீங்க. என்ஜின் எதிர்ப்பக்கமா உதைச்சா மணிக்கட்டு உடைஞ்சுடும். அந்த முறிவுக்கு எலும்பு முறிவுப் புத்தகங்கள்ல 'சோஃபர் ஃபிராக்சர்'னே பேரு. 1912ல கேடிலாக் கார்ல மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அதை உருவாக்கினவர் சார்லஸ் கெட்டரிங். நியூயார்க்ல இருக்கற ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் நிறுவனத்தோட பேர்ல வர்ற கெட்டரிங்கும் இவரேதான்.

சரி, வண்டிக்கு வருவோம். வேட்டவலம் ரோட்டுல ஒரு தகரக் கொட்டாய்ல பெரியவர் ஒருத்தர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை பாக்கறார்னு கம்பவுண்டர் கூட்டிட்டுப் போனார். நாலு பேர் தள்ளித்தான் வண்டி அங்க போச்சு.

"இன்னா சார் பிரச்ன?"

"செல்ஃப் மோட்டார் போயிடுச்சு அண்ணே. ஏற்கனவே ரெண்டு தடவை பாத்தாச்சு."

"அது வியாதி பேரு சார். அத நீங்களே சொல்லிட்டா நான் எதுக்கு? வண்டி இன்னா பண்ணுது, அத்த சொல்லுங்க."

எனக்குச் சுருக்குன்னு இருந்தது. "டாக்டர், எனக்கு கேஸ் ட்ரபிள்"னு வர்றவங்ககிட்ட தினம் நான் சொல்ற அதே வசனம்.

அவர் பானெட்டைத் திறக்கவே இல்ல. எப்போலேர்ந்துன்னு கேட்டார். போன வருஷம் மாசி வாக்குலன்னு சொன்னேன். அதுக்கு முன்னாடி வண்டிக்கு என்ன வேலை செஞ்சீங்கன்னார். அக்கா பொண்ணு கல்யாணத்துக்காக மார்கழியில பெயிண்ட் அடிச்சோம், அப்படியே கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் பிளேட் மாத்தினோம்னேன். கொஞ்ச நேரம் தாடையைத் தடவிட்டு, சம்பந்தமே இல்லாம ஒரு கேள்வி.

"ஆக்சிலேட்டர் கேபிள் மாத்துனீங்களா?"

ஆடிப் போயிட்டேன். ஆமா, ரெண்டு தடவை. இறுகி இறுகிப் போச்சு. அதை அவர்கிட்ட நான் சொல்லவே இல்ல. அது வேற ஏதோ தனிப் பிரச்னைன்னுதான் நினைச்சிருந்தேன்.

அவர் ஜம்ப்பர் கேபிள் ஒண்ணை எடுத்தார். ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்ல கவ்வவிட்டார், இன்னொண்ணை என்ஜின்ல பெயிண்ட் இல்லாத வெறும் இரும்புல. "இப்ப அடிங்க." கருகிப்போன ஆர்மேச்சரோடவே அது முக்கி முனகி ரெண்டு சுத்து சுத்திச்சு. அது போதும்னு சொல்லிட்டு, புது மோட்டாரைப் போடறதுக்கு முன்னாடியே கீழ குனிஞ்சு எர்த் ஒயரைக் கழட்டிக் காட்டினார். முனையில பச்சை பூத்திருந்தது. அது உக்காந்திருந்த இடத்துல அழகா, பளபளன்னு, கல்யாண பெயிண்ட்.

விஷயம் இவ்வளவுதான். கார் என்ஜின் ரப்பர் மவுண்ட் மேல உக்காந்திருக்கு. ரப்பர்ல கரண்ட் போகாது. அதனால மோட்டாருக்குப் போன கரண்ட் திரும்பி பேட்டரிக்கு வர தடிமனா ஒரு எர்த் ஒயர் இருக்கும். என் வண்டியில கியர்பாக்ஸை ஏத்தினவங்க அதைப் பெயிண்ட் மேலயே முடுக்கிட்டாங்க. வழி அடைஞ்சதும் கரண்ட் வேற சந்து தேடியிருக்கு. மெல்லிசான ஆக்சிலேட்டர் கேபிள் வழியா ஓடி, அதைச் சூடாக்கி, உள்ள இருக்கற பிளாஸ்டிக்கை இளக்கியிருக்கு. கேபிள் இறுகினது அதனாலதான்.

புது மோட்டார் மாட்டின அப்புறம், ஒயரைப் பழையபடியே வெச்சு மீட்டர்ல அளந்து காட்டினார், நான் கேட்டேன்னு. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில 11.2 வோல்ட். பாசிட்டிவ் பக்கம் வீணாகறது 0.3. எர்த் பக்கம் 3.2! அரை வோல்ட்டைத் தாண்டவே கூடாத இடம் அது. மோட்டாருக்குக் கிடைச்சது மிச்சம் 7.7தான். அந்த அரைப்பட்டினியிலதான் மூணும் உழைச்சிருக்கு. வோல்ட் குறைஞ்சா சாலினாய்டு ஒழுங்காப் பிடிக்காம டக் டக்னு விட்டு விட்டு ஒட்டும், ஒவ்வொரு தடவையும் பொறி பறந்து அதோட செம்பு முனை கருகும். மோட்டார் மெதுவா சுத்தறதால நான் சாவியை விடாம திருப்பிக்கிட்டே இருப்பேன், பிரஷ்ஷும் ஆர்மேச்சரும் வேகும். புது மோட்டார் கொஞ்ச நாளைக்கு 7.7 வோல்ட்லயும் ஓடிடும். அதைத்தான் நான் 'சரியாயிடுச்சு'ன்னு நினைச்சேன்.

முன்னாடி பாத்தவங்களைக் குறை சொல்ல மாட்டேன். வண்டி சும்மா நிக்கும்போது எர்த் இருக்கான்னு மீட்டர் வெச்சா, இருக்குன்னு பீப் அடிக்கும். ஏன்னா அங்க இருந்த தடை 0.04 ஓம் மாதிரிதான் இருக்கும். ஆனா செல்ஃப் இழுக்கறது 80 ஆம்பியர்னு வெச்சுக்கிட்டா 3.2 வோல்ட் அங்கேயே போயிடும். நோயாளியைப் படுக்க வெச்சு ஈசிஜி எடுத்தா நார்மல், படி ஏறினா நெஞ்சு வலிக்குமே, அந்த மாதிரி. ஓட விட்டுத்தான் பாக்கணும்.

உப்புத்தாள் போட்டு பெயிண்ட்டைச் சுரண்டி, புது ஒயர் போட்டு, மேல கிரீஸ் தடவிக் கொடுத்தார். மோட்டார் விலை போக, இந்த வேலைக்கு அவர் வாங்கினது 350 ரூபா.

உங்க பழைய வண்டியிலயும் செல்ஃப் திரும்பத் திரும்பப் போனா, அடுத்த மோட்டார் வாங்கறதுக்கு முன்னாடி அந்த ஜம்ப்பர் கேபிள் சோதனையைச் செய்யச் சொல்லுங்க. நீங்களே செய்யறதா இருந்தா நியூட்ரல், ஹேண்ட் பிரேக், கை மோதிரத்தையும் வாட்ச்சையும் கழட்டிட்டு. ஒரு தடவைக்குப் பத்து செகண்டுக்கு மேல செல்ஃப் அடிக்காதீங்க, நடுவுல கொஞ்சம் ஆற விடுங்க.

இப்ப அந்த பேஷண்ட். (அவங்க சம்மதத்தோட, அடையாளம் மாத்தி எழுதறேன்.) ஐம்பது தாண்டின அம்மா, உக்காந்து பூ கட்டற வேலை. ரெண்டு வருஷமா ரத்தசோகைன்னு என்கிட்ட வர்றாங்க. இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பேன், ஹீமோகுளோபின் ஏறும். மாத்திரை நின்னா இறங்கும். ஒரு தடவை ரத்தமே ஏத்தினோம். சாப்பாடு பத்தாதுன்னு பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, அட்வைஸ் எல்லாம் பண்ணியிருக்கேன்.

கொட்டாய்லேர்ந்து திரும்பின வாரம் அவங்க வந்தாங்க. 7.8. நான் மாத்திரை எழுதப் போன பேனாவை வெச்சுட்டுக் கேட்டேன், "அம்மா, இந்த அசதி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்ன நடந்தது?"

"ஒண்ணுமில்ல சார். முட்டி வலி வந்துச்சு. மெடிக்கல்ல சொல்லி ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கறேன், தினம் ரெண்டு. அதுக்கும் இதுக்கும் இன்னா சார் சம்பந்தம்?"

வலி மாத்திரை. ரெண்டு வருஷமா, பாதி நாள் வெறும் வயித்துல. எண்டோஸ்கோப்பியில இரைப்பைப் புண், மெதுவா ரத்தம் கசிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. மலம் கறுப்பாப் போகுதுன்னு அவங்க ஒரு தடவை என்கிட்ட சொல்லியிருக்காங்க. இரும்பு மாத்திரை போட்டா அப்படித்தான் போகும், பயப்படாதீங்கன்னு அனுப்பினவன் நான்தான். இரும்பு மாத்திரைக்குக் கறுப்பாப் போகும், உண்மைதான். வயித்துல ரத்தம் கசிஞ்சாலும் கறுப்பாத்தான் போகும், தார் மாதிரி பிசுபிசுப்பா. எது மாதிரின்னு நான் கேக்கல.

இதை அவங்ககிட்டயே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், "முட்டி வலிக்கு இனிமே இன்னா போடறது சார்?"ன்னு கேட்டாங்க.

மூணு மாசம் கழிச்சு 11.4. முட்டிக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கு, கீழ உக்காராம உயரமா ஒரு ஸ்டூல் போட்டுத்தான் இப்ப பூ கட்டறாங்க. வண்டி ஒன்பது மாசமா ஒரே மோட்டார்ல ஓடுது.

உங்க வண்டிக்கோ உடம்புக்கோ இந்த மாதிரி ஏதாவது நடந்திருந்தா கீழ எழுதுங்க. ராத்திரி ஓ.பி. முடிச்சுட்டு வந்து படிக்கறேன்.