நாடாவில் கடல்

பி. ஆர். பந்துலு இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் முதன்முறையாக இணைந்து நடித்து 1965 ஜூலையில் வெளிவந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ என்னும் கடற்சாகசப் படம், எண்முறையில் புதுப்பிக்கப்பட்டு 2014 மார்ச்சில் மீண்டும் திரைக்கு வந்தது. அப்போது அதைப் பற்றி எழுதியவர்கள் முதல் வெளியீட்டின் அரங்குகளையும் மறுவெளியீட்டின் அரங்குகளையும் கணக்கில் கொண்டு, இடையில் கிடந்த ஏறத்தாழ அரை நூற்றாண்டை விட்டுவிட்டார்கள். அந்த இடைக்காலத்தில், சிறப்பாக 1980களிலும் 1990களிலும், அப்படத்தை வீட்டுக் கூடத்திலும் கல்யாணப் பந்தலிலும் வீடியோ நாடா வழியாகப் பார்த்தவர்களின் கருத்துகள் எங்கும் பதிவாகவில்லை. அவற்றுக்கு வழிசெய்த டெக் தொழிலும் பதிவாகவில்லை. ‘டெக்’ என்பது வீடியோ கேசட்டை ஓட்டும் பொறிக்குத் தமிழ்நாட்டில் வழங்கிய பெயர். பொறியையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் கேசட்டுகளையும் ஒருசேர வாடகைக்குக் கொடுத்து, வேண்டுமானால் உடனிருந்து ஓட்டியும் காட்டுவதே டெக் தொழில். கேசட்டைச் செருகிப் பொத்தானை அழுத்துவதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. படித்தவர்கள் நடுவிலும் அந்தக் கேள்வி கூசாமல் எழுகிறது என்பதால், அதற்கு விரிவாகவே விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தின் மீமிசல், கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டைப்பட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையில், பாக் நீரிணையின் ஆழமற்ற கடலை ஒட்டி அமைந்த ஊர். மீன்பிடித் தொழிலும் கடல் கடந்து பிழைக்கப் போகும் வழக்கமும் சுற்றுவட்டாரத்தில் நெடுங்காலமாக உள்ளவை. மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்தவர்களைச் சபுராளிகள் என்று அழைப்பார்கள். அவர்களுக்கு அடுத்த தலைமுறை வளைகுடா நாடுகளுக்குச் சென்றது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி இந்தியத் தொலைக்காட்சி வண்ணத்துக்கு மாறிய சில ஆண்டுகளிலேயே, விடுப்பில் ஊர் திரும்பியவர்களின் பெட்டிகளில் டெக்கும் வரத் தொடங்கியது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு கடற்படத்தை ஓட்டுவதும், கடலையே காணாத ஊரில் அதை ஓட்டுவதும் ஒரே வேலை அல்ல. இங்கே பார்வையாளர்களில் பாதிப்பேர் கடலைத் தொழிலாகக் கொண்டவர்கள். மீதிப்பேரின் வீட்டில் கடலைக் கடந்த ஒருவராவது இருப்பார்.

அவர்கள் படத்தைப் பார்த்த விதத்துக்குச் சில சான்றுகள் போதும். கப்பல் தளத்துக் காட்சிகள் வந்தவுடன் முதியவர்களின் கண் கதாநாயகன் மீது நிற்காது. பாயின் மீதும் கொடியின் மீதும் போய் நிற்கும். காற்று வாடையா, கொண்டலா, சோழகமா என்பதைப் பாய் உப்பும் பக்கத்தைக் கொண்டும், கொடி பறக்கும் திசையைக் கொண்டும் தீர்மானித்து, அதற்குத் தக்கபடி சுக்கான் பிடிப்பவர் நிற்கிறாரா என்று பார்ப்பார்கள். பொருந்தாத இடத்தில் உடனே சொல்லிவிடுவார்கள். அலைக்குப் பின்னால் மலை தெரிந்ததைக் கண்டு, இது கீழைக்கடல் அல்ல, மேற்குக் கடற்கரையில் எடுத்த காட்சி என்று உரைத்தவர்கள் உண்டு. படத்தின் கடற்காட்சிகள் கர்நாடகத்தின் கார்வார் கரையில் எடுக்கப்பட்டவை என்பதை எந்தப் பத்திரிகையிலும் படிக்காமலேயே அவர்கள் கண்டறிந்தார்கள். மீமிசல் கரையிலிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் மலை கிடையாது என்னும் அறிவு ஒன்றே அதற்குப் போதுமானதாக இருந்தது. அவ்வளவு பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க வேண்டுமானால் அங்கே எத்தனை பாகம் தண்ணீர் இருக்க வேண்டும் என்ற கணக்கும் எழும். பாகம் என்பது இரு கைகளையும் விரித்த அளவு, கடலோடிகள் ஆழத்தை அதில்தான் சொல்வார்கள். பாக் நீரிணையில் பெருங்கப்பல் ஓடாததன் காரணம் அவர்கள் காலடியிலேயே இருக்கும்போது, அந்தக் கணக்கு எழாமல் இருக்குமா?

ஆனால் விமர்சனம் பாயோடும் ஆழத்தோடும் முடிந்துவிடவில்லை. காயம்பட்ட கலகக்காரர்களுக்கு மருத்துவம் பார்த்த குற்றத்துக்காக ஒரு வைத்தியர் பிடிபட்டு, தீவுக்கு அனுப்பப்பட்டு அடிமையாக விற்கப்படுவது படத்தின் கதை. ரபேல் சபாட்டினியின் நாவலைத் தழுவி 1935இல் எரால் ஃப்ளின் நடித்து வந்த ஹாலிவுட் படமான ‘கேப்டன் பிளட்’ இதே அமைப்பைக் கொண்டது என்பதைத் திரைப்பட ஆய்வாளர்கள் மறவாமல் குறிப்பிடுவார்கள். மீமிசலில் அந்த ஒப்புமை யாருக்கும் தேவைப்படவில்லை. ஏலத்தில் மனிதர்களை நிறுத்தி விலை பேசும் காட்சி வந்தபோது, வளைகுடாவில் பிள்ளைகளை விட்டிருந்த வீட்டுப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கடவுச்சீட்டை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வேலை செய்தவர்கள் அந்தக் காட்சி முடிந்த பிறகும் பேசவில்லை. 1983க்குப் பின் இலங்கைப் போரால் பாக் நீரிணையில் படகோட்டுவதே உயிருக்கு ஆபத்தான வேலையாகிவிட்ட காலத்தில், நடுக்கடலில் ஒரு கலம் மற்றொன்றை மறித்து ஏறும் காட்சிகளுக்குக் கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் கைதட்டல் எழாது என்பது டெக் தொழிலில் இருந்த எல்லாரும் அறிந்தது. இவையும் திரைப்பட விமர்சனமே. சென்னை அரங்குகளில் விசிலடித்தவர்களின் எண்ணிக்கையைப் பதிந்தவர்கள், இந்த மௌனத்தைப் பதிய ஒருவரையும் அனுப்பவில்லை.

இக்கருத்துகள் உருவாவதற்கு முன்நிபந்தனை ஒன்று உண்டு. கடல் கடலாகத் தெரிந்தால்தான் கடலைப் பற்றிப் பேச முடியும். வீடியோ நாடாவுக்கு மிகக் கடினமான பொருள் தண்ணீர்தான் என்பதைத் தொழில் தெரியாதவர்களுக்குப் புரியவைப்பது எளிதன்று. 1976இல் ஜப்பானில் அறிமுகமான விஎச்எஸ் முறையில், அரை அங்குல அகல நாடாவின் மீது, சுழலும் உருளையில் பதித்த சிறிய காந்த முனைகள் சாய்வான தடங்களாகப் படத்தை எழுதுகின்றன. இம்முனைகளே ‘ஹெட்’ எனப்படுபவை. நம் நாட்டுத் தொலைக்காட்சிக்குரிய ‘பால்’ (PAL) முறையில் அந்த உருளை நிமிடத்துக்கு 1,500 சுற்றுகள் சுழல்கிறது; ஒரு தடத்தின் அகலம் ஏறத்தாழ 49 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. இந்தச் சிறிய இடத்தில் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் ஓரளவு இடம் கிடைக்கும். நிறத்துக்கு மிகக் குறைந்த இடமே மிஞ்சும். முகம் பெரிதாகத் தெரியும் காட்சியில் இந்தக் குறை மறைந்துவிடும், ஏனெனில் முகத்தில் நுண்மையான அசைவு குறைவு. கடலிலோ ஒவ்வொரு அலையின் முகட்டிலும் ஓர் ஒளிக்கீற்று தோன்றி மறைகிறது. நீலமும் பச்சையும் சாம்பலும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கணந்தோறும் மாறுகின்றன. அச்செய்தி முழுவதையும் தாங்க நாடாவுக்கு இடம் கிடையாது.

மூலக் கேசட்டிலேயே நிலைமை இது என்றால், அதன் காப்பியில், காப்பியின் காப்பியில் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு முறை நகலெடுக்கும்போதும் புள்ளிக்குறைகள் பெருகி, மூன்றாவது கையில் கடல் வெறும் சாம்பல் நிற இரைச்சலாகிவிடும். தொழில்மொழியில் இதை ‘மழை பெய்கிறது’ என்பார்கள். ‘ஆயிரத்தில் ஒருவன்’ ஈஸ்ட்மன் வண்ணப் படம். ஆகவே அதில் ஆடைகளின் சிவப்பு விளிம்பைத் தாண்டிக் கசிவதும், கடலின் நீலம் வெளிறுவதும் ஒருங்கே நிகழும். நல்ல பிரிண்ட்டைப் பார்த்தவர்கள் படத்தில் கடல் அழகு என்றார்கள், மோசமான பிரிண்ட்டைப் பார்த்தவர்கள் சண்டை நன்று, பாட்டு நன்று என்றார்கள். ஒரே ஊரில் ஒரே படத்தைப் பற்றி இரு வேறு கருத்துகள் நிலவியதற்குக் காரணம் சுவை வேறுபாடு அன்று, கேசட் வேறுபாடு.

இதைச் சரிசெய்யும் முறைதான் இத்தொழிலின் உயிர்நாடி. ‘டிராக்கிங்’ என்னும் குமிழ், வேறொரு பொறியில் எழுதப்பட்ட தடத்தின் மீது இந்தப் பொறியின் ஹெட் சரியாகப் பொருந்துமாறு நேரத்தைச் சற்று முன்பின் நகர்த்துவது. பொருந்தாவிட்டால் திரையில் கோடு ஓடும், வெள்ளைப் பொட்டுகள் தெறிக்கும். ஆனால் கடற்காட்சியில் அந்த வெள்ளைப் பொட்டுகளும் அலை நுரையும் ஒன்றுபோலவே இருப்பதால், கோளாறு இருப்பதே பழகாத கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கடல் வருமுன்னரே, பெயர் எழுத்துகள் ஓடும்போதோ ஒரு முகம் நிலையாக நிற்கும்போதோ, குமிழைத் திருப்பி இடத்தைப் பிடித்துவிட வேண்டும். கடல் வந்த பிறகு கை வைக்கக்கூடாது. கூர்மையைக் கூட்டும் குமிழைச் சற்றுக் குறைத்து வைத்தால் இரைச்சல் அடங்கி அலை முழுமையாகத் தெரியும். படம் மங்குகிறது என்று முன்வரிசையில் யாராவது குரல் கொடுப்பார்கள், அதற்குச் செவிசாய்க்கக் கூடாது. நிறக் குமிழை முகத்துக்குப் பொருத்தினால் கடல் பச்சை அடிக்கும், கடலுக்குப் பொருத்தினால் முகம் சிவக்கும்; இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும் இடத்தை ஒவ்வொரு கேசட்டுக்கும் தனியாகக் கண்டுபிடித்து, அட்டையின் உட்புறத்தில் பென்சிலால் குறித்து வைத்தவர்கள் உண்டு. அந்தக் குறிப்புகளை எந்தப் பள்ளியும் கற்றுத்தரவில்லை. மூத்தவர் அருகில் உட்கார்ந்து, அவர் கை எப்போது குமிழுக்குப் போகிறது, எப்போது போகாமல் இருக்கிறது என்பதைக் கவனித்தே இளையவர்கள் கற்றார்கள்.

கடற்கரை ஊரில் உப்புக்காற்றும் ஈரமும் நாடாவில் பூஞ்சை பிடிக்கச் செய்யும். ஒரு பூஞ்சைக் கேசட் ஓடினால் ஹெட் அடைத்துக்கொண்டு அடுத்த கேசட்டும் கெடும். ஸ்பிரிட்டில் நனைத்த மெல்லிய தோலை உருளையின் மீது அசையாமல் பிடித்து, உருளையைக் கையால் மெதுவாகத் திருப்புவதே முறை. மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் ஒடியும், பஞ்சை வைத்தால் இழை சிக்கும். பிற்காலத்தில் வந்தவர்கள் அவசரத்துக்குப் பஞ்சையே எடுத்தார்கள். அத்துடன் பல நல்ல பொறிகள் போயின.

1984இல் தமிழக அரசு வீடியோ காட்சிகளை ஒழுங்குபடுத்தத் தனிச்சட்டம் இயற்றி, பொதுவில் காட்டுவதற்கு உரிமம் வேண்டும் என்றது; பதிப்புரிமைச் சட்டமும் அதே ஆண்டில் திருத்தப்பட்டது. திருட்டுக் கேசட்டைத் தடுக்க வேண்டியது நியாயமே. உரிமை பெற்ற கேசட்டை வைத்துத் தொழில் செய்தவர்களுக்கே அதனால் நன்மை. ஆயினும் திருடியவரையும் முறையாக நடத்தியவரையும் ஒரே பெயரால் அழைக்கும் வழக்கம் அப்போது தொடங்கி இன்றுவரை நீடிப்பது இத்தொழிலுக்குச் செய்யப்பட்ட பெரிய அநீதி.

பின்னர் விசிடி வந்தது. ஒரு வட்டில் சுமார் 74 நிமிடமே அடங்கும் என்பதால் தமிழ்ப் படங்கள் இரண்டு மூன்று வட்டுகளாகப் பிரிந்தன. கோடு ஓடவில்லை, பூஞ்சை இல்லை என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். கடலுக்கு நேர்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. படத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, மாறாத சதுரங்களை மீண்டும் எழுதாமல் விடுவதன் மூலம் இடத்தை மிச்சப்படுத்துவது விசிடியின் முறை. கடலில் மாறாத சதுரம் என்று ஒன்று ஏது? எனவே அலைகள் கட்டம் கட்டமாக உடைந்தன. நாடாவில் மங்கலாகவேனும் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் வட்டில் ஓடுகள் பதித்த தரையாயிற்று. அதைச் சரிசெய்யத் திருப்புவதற்கு ஒரு குமிழும் இல்லை. பாயையும் காற்றையும் பற்றி முதியவர்கள் பேசுவது அந்த ஆண்டுகளில்தான் குறைந்தது. வயதும் மறதியும் காரணம் என்று சொல்லிவிடலாம், ஆனால் பேசுவதற்குத் திரையில் கடல் இல்லாமற் போனதே முதற்காரணம்.

இன்றைய அகலத் தொலைக்காட்சிகளில் நிலை இன்னும் வருந்தத்தக்கது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. எனவே 1965இன் இப்படம் அகலத்திரைக்காக எடுக்கப்பட்டதன்று. திரையை நிரப்ப வேண்டும் என்பதற்காக அதை இருபுறமும் இழுத்து, எம்.ஜி.ஆரின் முகத்தை அகலமாக்கிப் பார்ப்பதில் வீட்டில் ஒருவருக்கும் உறுத்தல் இல்லை. மேலும் கீழும் வெட்டினால் பாய்மரத்தின் உச்சியும் அதிலிருக்கும் கொடியும் போய்விடுகின்றன. காற்றின் திசையைக் கண்டறிய வேண்டிய இடமே அதுதான். அசைவை மென்மையாக்குவதாகச் சொல்லும் புதிய வசதி, இரு சட்டகங்களுக்கு நடுவில் இல்லாத சட்டகத்தைக் கற்பனை செய்து செருகுகிறது. அலையில் அக்கற்பனை பொய்த்துத் தண்ணீர் குழம்பாகிறது. இவை மூன்றையும் நிறுத்தத் தொலையியக்கியில் சில நொடிகள் போதும். கைப்பேசியில் பாட்டை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு முழுப்படத்தையும் பார்த்ததாகச் சொல்லும் தலைமுறைக்கு அந்த நொடிகளும் மிகை.

பழைய படங்களைப் புதுப்பிப்பவர்கள் கீறலை நீக்குவதிலும் ஒலியைப் பிரிப்பதிலும் பெரும் உழைப்பைச் செலவிடுகிறார்கள். 2012இல் ‘கர்ணன்’ மறுவெளியீடு பெற்ற வரவேற்பு அவ்வுழைப்புக்குக் கிடைத்த நியாயமான பலன். ஆனால் கடற்படம் ஒன்றின் நிறத்தை முடிவு செய்யும்போது, அலையின் நிறம் எந்த நேரத்துக்கு, எந்தக் காற்றுக்கு உரியது என்று தெரிந்தவரின் கண்ணும் அந்த அறையில் இருக்க வேண்டும். மீமிசலிலும் தொண்டியிலும் கோட்டைப்பட்டினத்திலும் அத்தகைய கண்கள் இன்னும் இருக்கின்றன. இப்படத்துக்கு அடுத்த பதிப்பு ஒன்று தயாராகுமானால், வெளியிடுவதற்கு முன் கடற்காட்சிகளை மட்டுமாவது, சரியான அகலத்தில், அந்த முதியவர்களுக்குப் போட்டுக்காட்டிக் கேட்க வேண்டும்.