அசைகிறதா என்று பார்த்தவர்

திருமணமாகி இரண்டாம் வருடம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ரெட்ரோவெர்ட்டட் யூட்ரஸ்' என்று இருந்தது. மருத்துவர் என்னைப் பார்க்காமல், கூட வந்த மாமியாரிடம், "கர்ப்பப்பை திரும்பி இருக்கு" என்றார். வீடு வந்து சேர்வதற்குள் அது என் குறையாகிவிட்டது. "சின்ன வயசுல கனமான குடம் தூக்கியிருப்பா" என்றார் மாமியார். சேதி கேட்ட அம்மா எதுவும் பேசாமல் அழுதாள். என் கணவரை யாரும் ஒரு பரிசோதனைக்கும் அனுப்பவில்லை.

ஒரு வருடம் கழித்து வேறொரு மருத்துவரிடம் தனியாகப் போனேன். முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொன்னார். "மூத்திரப்பை நிறைஞ்சிருந்தா அதுவே கர்ப்பப்பையைப் பின்னாடி தள்ளும்மா." ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத்தான் தொட்டார். கையுறை போட்ட இரண்டு விரல்கள் உள்ளே, மறு கை அடிவயிற்றின் மேல். பெரும்பாலான பெண்களுக்குக் கர்ப்பப்பை முன்பக்கம், மூத்திரப்பையின் மேல் கவிழ்ந்தாற்போல் இருக்கும். அப்போது இரண்டு கைகளுக்கும் நடுவே அது அகப்படும். எனக்கு அகப்படவில்லை. கர்ப்பப்பையின் வாய் முன்னோக்கி இருந்தது. மேல்பகுதி பின்னால், மலக்குடல் பக்கம் விரலில் தட்டுப்பட்டது. மெல்ல அசைத்துப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்ல டாக்டர்."

"நல்லா அசையுது."

அதுதான் முக்கியம் என்றார். எண்டோமெட்ரியோசிஸோ பழைய தொற்றின் தழும்போ பிடித்து ஒட்டவைத்திருந்தால் சரியாக அசையாது, வலிக்கவும் கூடும். அப்போது அந்த நோயைத்தான் கவனிக்க வேண்டும். வேறு தொந்தரவில்லாமல், சுலபமாக அசைகிற கர்ப்பப்பை பின்னால் சாய்ந்திருப்பது நோயே இல்லை. இடது கைப் பழக்கம் மாதிரி. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பெண்ணுக்கு இப்படித்தான். இந்தச் சாய்வு மட்டும் கருத்தரிப்பதைத் தடுக்காது. கரு வளரும்போது, மூன்றாம் மாதத்தை ஒட்டி, பெரும்பாலும் தானே மேலெழுந்துவிடும்.

"அடுத்த தடவை வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அன்று மாலை அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"நீ பொறந்தப்புறம் காப்பர் டி போடப் போனேன்ல, அப்ப நர்ஸம்மா எனக்கும் இதையேதான் சொன்னாங்க. வெளிய தெரிஞ்சா என்ன நெனப்பாங்களோன்னு உங்கப்பாகிட்டகூடச் சொல்லல. என்கிட்ட இருந்துதான் உனக்கு வந்துடுச்சோன்னு ஒரு வருஷமா தூக்கமில்லடி."

என்னையும் தம்பியையும் பெற்றவள் அவள்.